கன்னத்தில் வைத்த நெற்றி

எனக்கு உட்காரத் தெரியாது. வாழ்நாளில் பெரும்பகுதியை பஸ் கண்டக்டராக நின்றே கழித்தவன் நான். மாத்தளையிலிருந்து நாவுல வழியாக லக்கல பக்கம் போகும் பஸ். அந்தப் பக்கத்துக்கு நாளுக்கு ஒன்றிரண்டு பஸ்தான். தவற விட்டவர் பாடு திண்டாட்டம். அது நன்றாகத் தெரிந்தும், ஆட்கள் ஏறி முடிக்கும் முன்பே பெல் அடிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக ஓடிவந்தவர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. நானும் சளைக்காமல் திருப்பித் திட்டியிருக்கிறேன்.

வாப்பாவின் விஷயத்திலும் நான் அப்படித்தான் பெல்லை அடித்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாயிற்று.

அது பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். மாத்தளை டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி வாப்பாவுக்கு மிளகும் கொக்கோவும் இருந்தன. தோட்டத்தில் இல்லாத நேரம் அவரைப் பள்ளிவாசலில் பார்க்கலாம். ஐந்து வேளையும் முதல் வரிசை, இமாமுக்கு நேர் பின்னால், வலப்பக்கத் தூணை ஒட்டினாற்போல. அந்த இடத்தில் வேறு யாரும் நிற்க மாட்டார்கள். நின்றால் வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அவ்வளவு போதும்.

நாற்பது வருடங்களுக்கு மேல் பாயில் நெற்றி வைத்து வைத்து, அவருடைய நெற்றி நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுத்த தடிப்பு உண்டாகியிருந்தது. சின்ன வயதில் அவர் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கந்தூரிக்குப் போவார். விழாமல் இருக்க நான் அவர் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். விரல் நுனியில் அந்தத் தடிப்பு சொரசொரவென்று தட்டுப்படும். அதைச் சுரண்டிப் பார்ப்பேன். "அத நோண்டாத மகன், அது வாப்பாட முத்திரை" என்பார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர் ஒரு மரைக்கார், பொறுப்பாளர்களில் ஒருவர். சுத்தத்தில் பொல்லாத கண்டிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, பச்சை வெங்காயம் போட்ட சம்பல் தின்றுவிட்டு வந்த ஒரு மனிதரை, ஊர் பார்க்க, கடைசி வரிசைக்கு அனுப்பினார். "வாய் நாத்தத்தோட வந்தா பக்கத்துல நிக்கிறவன் எப்படித் தொழுவான்?" என்று கேட்டார். அந்த மனிதர் அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு அன்று வாப்பா மீது சரியான கோபம். ஆனால் அவர் சொன்ன வார்த்தை அவருக்கே திரும்பி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வாப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம். புகையிலையும் சேர்த்துத்தான். இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தூங்கும்போதும் துப்ப மாட்டார். அந்தக் கன்னத்தின் உட்புறம் முதலில் வெள்ளையாகப் பூத்தது. பிறகு புண். கண்டிக்குப் போனோம், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைத்தார்கள். புண் வற்றினாற்போல் ஒரு ஐந்தாறு மாதம் இருந்தது. உம்மா நேர்ச்சை வைத்ததை நிறைவேற்றி முடித்த கையோடு, கன்னம் வெளிப்பக்கம் உடைந்தது.

ஓட்டை என்றால் ஓட்டைதான். இருபத்தைந்து சதக் காசு அளவு. உள்ளே இருக்கும் கடைவாய்ப்பல் தெரியும். தேத்தண்ணி குடித்தால் பாதி கன்னத்தால் ஒழுகிச் சட்டையில் இறங்கும். சோற்றுப் பருக்கை வெளியே வந்து நிற்கும். பேசினால் காற்று அந்த வழியாகப் போய்விடும். அதனால் ஒரு லேஞ்சித் துணியை நாலாக மடித்துக் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். எல்லாவற்றையும் விட அந்த வாடை. நான் அதை எழுதப் போவதில்லை.

வாப்பா யாரும் சொல்லாமலே வீட்டுக்குப் பின்னால், கொக்கோ புளிக்கவைக்கும் அறைக்குக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். புளித்த கொக்கோவின் வாடையில் தன்னுடையது அடங்கிவிடும் என்று கணக்கு. அடங்கவில்லை. உம்மா கோப்பையைக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நிற்பாள். அவர் குடிப்பதை யாரும் பார்க்கக் கூடாது.

பள்ளிக்குப் போவதையும் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, தொப்பி போட்டு, அந்த அறை வாசலில் உட்கார்ந்திருப்பார். பாங்கு கேட்கும். தெருவில் செருப்புச் சத்தம் போகும். எல்லாம் ஓய்ந்த பிறகு எழுந்து உள்ளே போய்த் தனியாகத் தொழுவார். நான் லீவில் நிற்கும் வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்க்கச் சகிக்காமல் முற்றத்தில் மேலும் கீழும் நடப்பேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"மகன், நடந்து நடந்து மண்ணக் குழியாக்காம இங்க வாங்க."

போனேன். லேஞ்சியை அழுத்திக்கொண்டு சொன்னார். "எனக்கு நோய் சொகமாகணும்னு ஆச இல்ல. அந்தத் தூணடியில நின்டு ஒரு ஜும்ஆ தொழணும். பக்கத்துல நிக்கிறவன் மூக்கப் பொத்தாம. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வந்துபோகும் எல்லோரிடமும் கேட்டேன். நாட்டு வைத்தியர்களின் பெயர்கள்தான் வந்தன. கடைசியில் மாத்தளை ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்த ஒரு மிஸ்ஸி, நாவுலயிலிருந்து தினமும் என் பஸ்ஸில் வருபவர், எனக்கு வழி காட்டினார். சீமையில் படித்துவிட்டு ஒரு சேர்ஜன் புதிதாக வந்திருக்கிறாராம். வேறு இடத்துத் தோலை எடுத்து இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கிறாராம். நான் அந்த வாரமே வாப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் வேண்டாம் என்று வாப்பா பிடிவாதம். டவுன் முழுக்க நடந்தே போனோம்.

டொக்டர் என்னை விட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். சிங்களவர். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார், கழுத்தைத் தடவினார், தாடைக்குக் கீழே விரலை நிறுத்தி ஒரு இடத்தை அழுத்தினார். முகத்தை ஒரு தடவை கூடச் சுளிக்கவில்லை. பார்த்து முடிந்ததும் வாப்பா எழுந்து வெளியே விறாந்தைக்குப் போய்விட்டார். மூடிய அறைக்குள் இருப்பது அவருக்குப் பிடிக்காது. மற்றவர்களுக்காகத்தான்.

டொக்டர் என்னைத் தம்பி முறையில் 'மல்லி' என்று அழைத்துச் சிங்களத்தில் பேசினார். ஒளித்து மறைத்துப் பேசவில்லை.

"மல்லி, நோய் கழுத்துக்கு எறங்கிருச்சு. அத என்னால எடுக்க முடியாது. ஓட்டைய மூட முடியும். மூடினா ஒழுகாது, வாடையும் வெகுவாக் குறையும். ஆயுள் ஒரு நாளும் கூடாது. அது வெளங்குதா?"

"எத்தன நாள் இருப்பாரு, டொக்டர்?"

"மாசக்கணக்குத்தான். ஒப்பரேஷனுக்கே ஒரு மாசம் போயிரும். அதத்தான் யோசிக்கணும்."

யோசித்துக்கொண்டு போய் மறுநாள் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் நாவுலயில் கடை வைத்திருக்கும் நாநா வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு மூத்த அண்ணன், வாயும் கொஞ்சம் மூத்தது.

"மௌத்தாகப் போற மனுசன என்னத்துக்கு வெட்டுறது? சொகமாகாதுன்னு டொக்டரே செல்லிட்டாருதானே. பொறகு என்னத்துக்கு?"

"ஒழுகாம இருக்கத்தான்."

"ஒழுகட்டும்! நாங்க தொடைச்சி விட மாட்டமா?"

"எப்ப தொடைச்சீங்க? மாசத்துல ஒரு நாள் வந்து தெருவுல நின்டு சலாம் செல்லிட்டுப் போறவருதானே நீங்க!"

கை நீளும் அளவுக்குப் போய்விட்டது. உம்மா குசினியிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாநாவைப் பார்த்துச் சொன்னாள். "முப்பத்தஞ்சு வருசம் அந்த மனுசனுக்கு முன்னால ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சவ நான். இப்ப படியில வெச்சிட்டுத் திரும்பி நிக்கிறேன். ஒரு கோப்ப தேத்தண்ணி ஒழுகாமக் குடிச்சிட்டு மௌத்தாகட்டும். கூட்டிட்டுப் போ மகன்." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை மறுபடியும் ஆஸ்பத்திரி. எனக்கு மத்தியானம் பஸ். டொக்டர் ஒரு கடதாசியில் முகம் ஒன்றைக் கீறிக் காட்டினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, நெற்றித் தோலை உரித்து, காதோரத்தில் ஒரு பக்கம் மட்டும் உயிரோடு விட்டு, கீழே திருப்பிக் கன்னத்தில் தைப்பது. மூன்று வாரம் கழித்து அந்தப் பாலத்தை வெட்டிவிடலாம். நெற்றிக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் போடுவார். மற்றது, நெஞ்சுத் தோலை எடுப்பது. அதற்கு ஆஸ்பத்திரியில் இன்னும் கூட நாள் கிடக்க வேண்டும், கத்தியும் ஒரு தடவை கூட வைக்க வேண்டும். முகம் அவருடையது, அவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"நெத்தியா நெஞ்சான்னு போய் அவருக்கிட்ட கேட்டுட்டு வா, மல்லி."

எழுந்து கதவு வரைக்கும் போனேன். விறாந்தையின் நீள வாங்குப் பலகையில் வாப்பா கடைசியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் மறுமுனையில் நெருக்கியடித்துக்கொண்டு. வாப்பாவின் தலை குனிந்திருந்தது, லேஞ்சி கன்னத்தில், மறுகையால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார். கதவிலிருந்து அவருக்குப் பதினைந்து அடி இருக்கும். நான் அந்தப் பதினைந்து அடியை நடக்கவில்லை. கேட்டால் அவர் யோசிப்பார். மௌலவியிடம் கேட்க வேண்டும் என்பார். இன்னொரு நாள் போகும், இன்னொரு வெள்ளிக்கிழமை போகும். எனக்குப் பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பி வந்தேன்.

"நெத்தி, டொக்டர்."

"அவர் செல்லிட்டாரா?"

"ஓம்."

வாப்பாவிடம் கன்னத்தை மூடித் தைப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். கடதாசியில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. மகன் கண்டக்டர், கடதாசி விஷயம் தெரிந்தவன் என்று நினைத்திருப்பார்.

அந்தத் தடிப்பு எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. தினமும் பார்க்கிற முகம், அதில் அது பாட்டுக்கு அது இருந்தது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. யாரும் கேட்காமலே சொல்வேன்.

ஒப்பரேஷன் அன்று ஆஸ்பத்திரி முற்றத்தைச் சுற்றி எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. காவலாளி இரண்டு தடவை விரட்டினார். பின்னேரம்தான் வாப்பாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலை முழுக்கக் கட்டு. மூக்கில் குழாய். இடது கண்ணுக்குப் பக்கத்தால், காதோரத்திலிருந்து கன்னத்துக்கு, ஒரு தடித்த சதைப்பட்டை இறங்கியிருந்தது. நுனியில் சுற்றிலும் கறுப்பு நூல் தையல். அந்தத் தையலுக்கு உள்ளே, கண்ணுக்கு மூன்று விரல் கீழே, நான் அதைப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில், கறுப்பாக.

 வெளியே ஓடிப்போய்க் குழாயடியில் நின்றேன்.

அடுத்த சில நாள் வாப்பா பேசக் கூடாது. மிஸ்ஸி ஒரு பென்சிலும் காய்ச்சல் எழுதும் கடதாசி ஒன்றின் பின்பக்கமும் கொடுத்தார். வாப்பாவுக்குத் தமிழ் எழுத்து வராது. ஓதப்பள்ளியில் படித்தவர், அரபு எழுத்தில் தமிழை எழுதுவார், வலமிருந்து இடம். எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் கணக்கு, கடிதம் எல்லாம் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு அதை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். முதல் நாள் 'தண்ணி' என்று எழுதினார். 'உம்மா சாப்பிட்டாளா' என்று எழுதினார். மூன்றாம் நாள் கையைத் தூக்கி நெற்றிக் கட்டைத் தடவினார். பிறகு கன்னத்துக்கு விரலைக் கொண்டுவந்தார். தையலின் மேலாக மெதுவாகத் தடவிக்கொண்டு போன விரல், அந்தத் தடிப்பில் வந்து நின்றது. என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். நெற்றித் தோலை எடுத்துத்தான் மூடியிருக்கிறார்கள் என்று சொன்னேன். வேறு வழி இருந்தது என்பதையும் சொன்னேன். அதை மறைக்க அந்த முகத்துக்கு முன்னால் என்னால் முடியவில்லை. "டொக்டர் ஒங்ககிட்ட கேக்கச் செல்லித்தான் அனுப்பினாரு வாப்பா. நான்தான் கேக்கல."

கடதாசியை இழுத்து எழுதினார். நீட்டினார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

'சுஜூது எதில் வைப்பது?'

 சுஜூதில் நெற்றியைப் பூமியில் வைக்கிற அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அந்த மனிதர் பிழைத்திருக்க விரும்பினார். நான் அந்த நெற்றியைத்தான் பிடுங்கிக் கன்னத்தில் ஒட்டவைத்திருக்கிறேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வார்டே பார்த்தது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் டொக்டரைப் பிடித்தேன். அந்தத் தடிப்பு என்னவென்று சொன்னேன். அவர் அதை ஏதோ பழைய காயத் தழும்பு என்று நினைத்தாராம். தோலைத் திருப்பும்போது அதைத் தையலில் படாமல் நடுவில் வரும்படி பார்த்துக்கொண்டாராம், தடித்த தோல் தையல் பிடிக்காது என்பதற்காக. கேட்டு முடித்ததும் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"ஒரு வார்த்த செல்லியிருந்தா நெஞ்சுல எடுத்திருப்பேனே. அதுக்குத்தானே ஒன்ன கேட்டுட்டு வரச் சொன்னேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் நான் டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்குமாக அலைந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் பெல் அடிக்க மறந்து பஸ்ஸை நிறுத்தி வைத்ததற்கு டிரைவர் ஏசினார். ஒட்டிய தோல் கறுத்துப் போனால் எல்லாம் வீண் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். அதனால் போனதும் போகாததுமாக அந்தக் கன்னத்தைத்தான் பார்ப்பேன். கறுக்கவில்லை. வாப்பாவின் நெற்றி அல்லவா, பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கும். பாலத்தை வெட்டினார்கள். தையல் பிரித்தார்கள். மூக்குக் குழாயை எடுத்தார்கள்.

குழாய் எடுத்த அன்று மிஸ்ஸி பால் விடாத ஒரு பிளேண்டி கொண்டுவந்தார். உம்மாவும் வந்திருந்தாள். வாப்பா கோப்பையை வாங்கி, பழக்கத்தில் இடது கையை லேஞ்சிக்காக நீட்டினார். உம்மா கொடுக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். உள்ளே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். எல்லோரும் கன்னத்தைப் பார்த்தோம். பக்கத்துக் கட்டில்காரர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. விழுங்கினார். முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு, மாதக்கணக்கில் கேட்காத தெளிவோடு முதல் வார்த்தை பேசினார்.

"சீனி காணாது."

உம்மா சிரித்த சிரிப்பில் பாதி அழுகை. சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. மிஸ்ஸி எங்கிருந்தோ இன்னொரு கரண்டி கொண்டுவந்து போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் கொக்கோ அறையிலிருந்து வீட்டுக்குள் திரும்பியது. அவரும் உம்மாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். வலது பக்கம் தாடி வளர்ந்தது, இடது பக்கம் மொழுமொழுவென்று நெற்றி. பார்க்க வந்தவர்களிடம் அவரே பகடி பண்ணினார். "இனி எனக்கு யோசன வந்தா கன்னத்தத்தான் சொறியணும்." எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன். என்னோடு தோட்டத்தைப் பற்றிப் பேசுவார், பஸ்ஸைப் பற்றிப் பேசுவார். நான் கேட்காமல் விட்டதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஏசியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளித் தண்ணீர்த்தொட்டி ஹவுளடியில் அவர் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். கையில் தண்ணீர் அள்ளி வாய் கொப்பளித்தார். ஒரு சொட்டும் கன்னத்தால் வரவில்லை. மூன்று தடவைதான் கொப்பளிக்க வேண்டும். எத்தனை என்று நான் எண்ணவில்லை, ஆனால் அன்று மூன்றுக்கு மேல் கொப்பளித்தார். பிறகு உள்ளே போய் நேராக முதல் வரிசைக்கு நடந்தார். தூணடியில் ஒருவர் நின்றிருந்தார். வாப்பா பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் விலகி, வாப்பாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டார். மூக்கைப் பொத்தவில்லை. தொழுகை முடியும் வரை பொத்தவில்லை. இமாம் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறாமல், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அவர் கேட்டது கிடைத்தது. ஆனால் சுஜூதுக்குப் போனபோது, அந்தத் தொடைத் தோல் மூடிய நெற்றியைத்தான் பாயில் வைத்தார். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான தோல் அது. எழுந்தபோது ஒரு பொட்டு இரத்தம் பாயில் இருந்தது.

நான் தொழுகை முடிந்த கையோடு மௌலவியிடம் ஓடினேன். முடியாதவர் தலையைக் குனிந்து சைகை செய்தாலே போதும், தோல் கிழிய வைக்க வேண்டியதில்லை என்றார். மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"கேட்டீங்களா?"

"ஓம் வாப்பா. இப்பத்தான் கேட்டேன்."

"கேக்க வேண்டியது என்கிட்ட, மகன்." அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பிறகு உம்மாவைக் கூப்பிட்டுச் சோறு வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் நெற்றியை வைத்துத்தான் தொழுதார். பதினொரு ஜும்ஆ. தடவிக்கொள்ள டொக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். பிறகு கழுத்துக் கட்டி பெருத்து, எழுந்திருக்க முடியாமல் போனது. கன்னம் மட்டும் கடைசி வரை ஒழுகவில்லை. உம்மா கரண்டியால் கொடுத்த கடைசித் தண்ணீரும் வாய்க்குள்தான் நின்றது.

வீட்டுக்குப் பின்னால் வெள்ளைத் துணியால் மறைப்புக் கட்டி மையித்தைக் குளிப்பாட்டினார்கள். பாங்கு சொல்லும் எங்கள் பள்ளி மோதினார்தான் குளிப்பாட்டியவர். நானும் நாநாவும் கூட நின்று தண்ணீர் ஊற்றினோம். கபன் துணியில் கிடத்திய பிறகு மோதினார் ஒரு பீரிசுத் தட்டில் பொடித்த கற்பூரத்தை எடுத்தார். சுஜூது செய்யும்போது தரையில் படுகிற இடங்களுக்கெல்லாம் கற்பூரம் வைப்பது முறை. உள்ளங்கைகளில் வைத்தார், முழங்காலில் வைத்தார், கால் விரல்களில் வைத்தார், மூக்கில் வைத்தார். நெற்றிக்கு வந்தபோது அவர் கை நின்றுவிட்டது. மேலே வெளுத்த தொடைத் தோல். கீழே கன்னத்தில் அந்தக் கறுத்த தடிப்பு. அவர் அந்த நெற்றியை முப்பது வருடமாக முதல் வரிசையில் பார்த்தவர்.

என்னைப் பார்த்தார். "எதுல வைக்கிறது, தம்பி?"

"நெத்திலதான், வேற எங்க?" என்றார் நாநா.

எனக்கும் வாயில் பதில் வந்துவிட்டது. வந்ததை அடக்கினேன். மோதினாரின் கையிலிருந்து பீரிசை வாங்கிக்கொண்டு வாப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"வாப்பா, எதுல வைக்கட்டும்?"

"மையித்துக்கிட்ட என்னத்தடா கேக்குற?" என்று நாநா அதட்டினார்.  வெளியே ஜனாஸாவுக்கு வந்தவர்கள் நேரமாகிறது என்று செருமினார்கள். மோதினார் அவர்களுக்குக் கை காட்டிப் பொறுக்கச் சொன்னார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவசரப்படவில்லை.

பிறகு நெற்றியில் ஒரு சிட்டிகை வைத்தேன். கன்னத்தில் ஒரு சிட்டிகை வைத்தேன். விரல் நுனியில் அந்த இடம் இன்னும் சொரசொரவென்றுதான் இருந்தது.